கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம்

நூலகரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாவியை மேசை ஓரத்துக்குத் தள்ளுவார். டிரைவரக்கா அதை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கழிப்பறைக்குப் போவார். கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கிளை நூலகத்தில் இது தினமும் ஐந்து முறை நடக்கிறது. திரும்பி வரும்போது முகம் ஈரமாக இருக்கும். பதினேழாம் எண் பஸ்ஸின் முன்படியில் உட்கார்ந்து, ஷூக்களைக் கழற்றி, கால்விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவார். பாட்டில் தண்ணீரில் பாதியை மூச்சுவிடாமல் குடிப்பார். கைப்பைக்குள் போன் கத்திக்கொண்டே இருந்தாலும் எடுக்கமாட்டார். "இந்தப் பத்து நிமிஷம் எனக்கு. மிச்ச நேரமெல்லாம் ஊருக்குத்தானே ஓடுறேன்" என்பார்.

அகலமான தோள், கணீர்க் குரல், நாற்பத்தாறு வயது. அக்கா பிரேக் போட்டால் நிற்பவர் கையிலிருக்கும் டீ சிந்தாது என்று அவருடைய கண்டக்டர் பெருமையடிப்பார். வளைவில் திரும்பும்போது மட்டும் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். அப்படியொரு பழக்கமே தனக்குக் கிடையாது என்றும் சாதிப்பார்.

பதினான்கு வருடமாக இதே ஓட்டம். அதில் பதின்மூன்று வருடம் இந்தப் பத்து நிமிடம் கிடையாது. விடியும் முன் எழுந்து, நான்கு பேருக்குச் சமைத்து, மகளை எழுப்பி, மாமனாரின் மாத்திரைகளைப் பிரித்து வைத்து, டீயைக் குடித்தும் குடிக்காமலும் டிப்போவுக்கு ஓடுவார். அப்புறம் மதியம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. கால அட்டவணை கடைசி நிறுத்தத்துக்கு ஒதுக்கியிருந்தது நான்கே நிமிடம். தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் தாமதமாகும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். அடிவயிற்றில் எரிச்சல் வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் எதையோ வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, பஸ் பாலத்தில் ஏறும்போது அவருடைய பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. இடுப்பிலிருந்து முன்வயிறு வரை வலி இழுத்துப் பிடித்தது. பாலத்தைக் கடந்து, பஸ்ஸை ஓரங்கட்டி, கைபிரேக் போட்டு, இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டு, எல்லாரையும் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார்.

கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி விழித்தார். டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு பக்கம் தழும்பு விழுந்திருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குள் அது பெரிதாகியிருந்தால் பஸ் ஓட்டத் தகுதிச் சான்று தரமுடியாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு என்ன கதியில் இருக்கிறதோ என்று பயந்துகொண்டே திரும்பினால், பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மாமனார் தன் மாத்திரைகளைத் தானே சரியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கணவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், காலர் மட்டும் லேசாகக் கருகியிருந்தது. "நான் இல்லாமலே ஓடுதே" என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அலாரம் அடிக்கும் முன்பே சமையலறையில் கணவர் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் தூங்கினார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பத்து நிமிடம் தொடங்கிவிட்டது. பயணிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, தூங்கிவிட்டாயா என்று கேட்டார். இரண்டு புகார்க் கடிதங்கள் போயின. டிப்போவின் டைம்கீப்பர் கூப்பிட்டனுப்பி, நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம்தான், இன்னொரு புகார் வந்தால் இந்த வழித்தடம் கையைவிட்டுப் போகும் என்றார். அக்கா வாதாடவில்லை.

"சார், நாளைக்கு ஒரு ஷிப்ட் என்கூட வாங்க. அந்த நாலு நிமிஷத்துல நான் எதைச் செய்யலாம், எதை விடலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மனிதர் வந்தார். முன்சீட்டில் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்தார். முதல் நடையில் குறிப்பெழுதினார். இரண்டாவது நடையில் பாலத்து நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. எழுதுவது நின்றது. காலை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசி நிறுத்தத்தில் பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்து நூலகத்துக்கு ஓடினார். திரும்பி வரப் பதினொரு நிமிடம் ஆனது. கண்டக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு வானத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் புது அட்டவணை தொங்கியது. பதினேழாம் எண்ணுக்குக் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆறாவது மாதம் ஸ்கேன் எடுக்கத் தனியாகவே போனார். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "பழைய தழும்பு அப்படியேதான் இருக்கு. புதுசா ஒண்ணுமில்ல. தாராளமா ஓட்டுங்க" என்றார். அக்கா வெளியே வந்து கணவரைப் போனில் கூப்பிட்டார், வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் அவர் பதறிப்போனார். ஒன்றுமில்லையாம் என்று ஒருவழியாக இவர் சொன்னதும், அங்கே மூக்கு சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்றைக்கும் அக்கா ஒழுங்கின் சிகரமெல்லாம் இல்லை. சில நாள் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டு வருகிறார். அவர் தலையைக் கண்டதுமே நூலகரம்மா ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வைக்கிறார்.

போன வாரம் இருபத்திரண்டாம் எண் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அதை ஓட்டுவதும் ஒரு பெண்தான், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசிப் பயணி இறங்கியும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு உதடு வெடித்திருந்தது, ஒரு கை நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இறங்கிக் கொஞ்சம் முகம் கழுவிவிட்டு வரச்சொன்னார் அக்கா.

"இல்லக்கா, நேரமாச்சு. உடனே எடுக்கணும்."

அக்கா வெறுங்காலோடு அந்தப் பஸ்ஸில் ஏறி, அந்தப் பெண்ணுக்குக் குறுக்கே கையை நீட்டி, எஞ்சினை அணைத்தார்.