குழிக்குள் இருந்த உலை

அப்போது பெருமாநல்லூருக்கு வெளியே, ஒரு தோட்டத்துக்காரர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் கணவர் கோயம்புத்தூரில் இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் இருந்தவர். அது மூடிய பிறகுதான் திருப்பூருக்கு வந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக்காரர் புது தையல் ஷெட் போட வீடுகளுக்குப் பின்னால் பொக்லைன் வைத்து அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கணவர் பனியனோடு குழியை நோக்கி ஓடினார்.

"வண்டிய நிப்பாட்டுங்க அண்ணாச்சி!"

யாரோ மண்ணுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று பதறி நானும் ஓடினேன். குழிக்குள் ஆள் யாரும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் வட்டமாக ஒரு மண்சுவர். வெளியே செங்கல் சிவப்பு. உள்பக்கம் உருகி வழிந்து, கருப்புக் கண்ணாடி போல் பளபளத்தது.

"ஏனுங்க தம்பி, இதென்ன, பழைய கெணறுங்களா?" என்றார் தோட்டத்துக்காரர்.

என் கணவர் உள்ளே இறங்கி, நுரை நுரையாகக் கெட்டிப்பட்ட ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். "இல்ல அண்ணாச்சி. இது கசடு. ஃபவுண்டரில நான் தினம் அள்ளிக் கொட்டினது. அந்தக் காலத்துல இங்க யாரோ உலை வெச்சு இரும்பு உருக்கியிருக்காங்க."

"இங்க ஏதுங்க? எங்கப்பாரு காலத்துலயே இது வெறும் சோளக்காடுங்களே!"

இவர் என்னைக் கூப்பிட்டு, சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். ஈரக் களிமண்ணை அப்பியபோது பதிந்த மூன்று விரல்கள், நெருப்பில் வெந்து அப்படியே இருந்தன. நான் என் விரல்களை வைத்தேன். அளவாகப் பொருந்தின. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். உயிருள்ள ஒருத்தியைத் தொட்ட மாதிரி இருந்தது.

தோட்டத்துக்காரர் வேலையை நிறுத்தினார். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் சொந்தக்காரருக்குப் போன் செய்தார். மறுநாள் ஆள் வருவதாகச் சொன்னார்களாம். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனோம். அதற்குள் லைன் முழுக்க, பெருமாநல்லூர் டீக்கடை வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. புதையலாம்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போனேன். தார்ப்பாய் கிழிந்து கிடந்தது. சுவரில் பாதி இல்லை. விரல்கள் இருந்த பக்கம் கடப்பாரையால் குத்திச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு இவரைக் கூப்பிட ஓடினேன். எங்கள் லைனிலேயே மூன்று வீட்டு வாசலில் சிவப்பு மண் ஒட்டிய கடப்பாரைகள் சாய்ந்திருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் தினமும் என்னோடு கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். அன்று யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "மண்ணப் போயி இப்படிக் குத்தியிருக்காங்களேங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் கணவர் குழிக்குள் இறங்கினார். சில்லுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சாக்கில் போட்டார். மதியம் அதிகாரிகள் வந்து அளந்து, படம் எடுத்து, சாக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். விரல் பதிந்த துண்டு மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்காரர் ஷெட்டைத் தள்ளிக் கட்டினார். மிச்சமிருந்த அரைவட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். நாங்கள் சில மாதங்களில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம்.