அயனம்பாக்கம் ஏரிக்கு ஒரு ஜி.பி.எஸ்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போடுவது ஒன்றுதான் இந்த வயதில் எனக்கு மிஞ்சிய சுகம். போன மார்கழியில் அதற்கும் தடை வந்தது. பனியில் திசை தப்பிக் கரையின் எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டேன். அங்கே புதிதாக மனை போட்டிருந்தார்கள். எல்லாத் தெருவிலும் அதே மஞ்சள் கல், அதே காம்பவுண்டு சுவர், அதே வாடிய வேப்பங்கன்று. பதினோரு தெருக்கள் எண்ணினேன். இருந்தவை நான்குதான் என்று காவலாளி பிறகு சொன்னார். அவர் போனில் கூப்பிட்டுத்தான் என் மச்சான், மனைவியின் தம்பி, பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

“தனியா போய்த் தனியா திரும்பி வரமுடியும்னு காட்டுங்க. அதுவரைக்கும் ஏரி கிடையாது” என்றாள் மனைவி.

கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகம் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். போல்ட்டும் வாஷரும் எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவனுக்கு நாலு தெரு பதினொன்றாகத் தெரிந்தால், தலைக்குள் வேறு எது கழன்றிருக்கிறதோ?

“பேசாம ஒரு ஜி.பி.எஸ். வாங்கிடு மாமா” என்றான் மச்சான். “கையில வச்சிகினு போ. அதுவே இட்டாந்து ஊட்ல உட்டுடும்.”

போனிலேயே வரைபடம் இருக்கிறதே என்று யாரும் கேட்கவேண்டாம். மகன் வாங்கித் தந்த பெரிய போன்கள் இரண்டும் ஏரிக்குள் கிடக்கின்றன. இப்போது என்னிடம் இருப்பது பொத்தான் போன்.

பூந்தமல்லி சாலையில் மனை அளக்கிறவர்களுக்குக் கருவிகள் விற்கும் கடை ஒன்று உண்டு. மச்சான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். மூன்றின் அட்டைப்பெட்டியிலும் ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு பனிமலையில் நின்றார். மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் செய்த கருவிகளாம். இடங்களைக் குறித்துவைக்க மான், கரடி, வாத்து என்று குட்டிக் குட்டிப் படங்கள். இருபத்தேழு இருந்தன. அம்பத்தூரில் நான் வேட்டையாடுவது கொசுவை மட்டுமே. அதற்குப் படம் இல்லை.

முதலாவது தொடுதிரை. மீன் வழவழப்பு ஒட்டிய விரலுக்கு அது மசியுமா என்று கேட்டேன்.

“கையத் தொடச்சிக்கோ அண்ணாத்தே” என்றார் கடைக்காரர்.

இரண்டாவது, உள்ளேயே பேட்டரி வைத்துச் சார்ஜ் போடுவது. ஏரி நடுவே தீர்ந்துபோனால் எந்தத் தவளையிடம் பிளக் கேட்பது? மூன்றாவதில் பொத்தான்கள் இருந்தன. கடிகாரத்துக்குப் போடும் சாதாரணப் பேட்டரி இரண்டு போட்டால் போதும். தண்ணீரில் மிதக்கும் என்றார். மூலையில் இருந்த வாளியில் போட்டுக் காட்டச் சொன்னேன்.

“இன்னா அண்ணாத்தே, குளிப்பாட்டியா வாங்குவ? கல்யாணப் பொண்ணக் கூட இத்தினி கேள்வி கேட்டிருக்கமாட்ட நீ!”

“கேட்டிருந்தா எங்கக்கா தப்பிச்சிருக்கும்” என்றான் மச்சான்.

மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். அதில் இன்னொரு விசேஷம், மீன் எப்போது கடிக்கும் என்று நிலாவைக் கணக்கிட்டு நாள்தோறும் நல்ல நேரம் சொல்லும். வெளிநாட்டுக்காரன் பஞ்சாங்கம் போட ஆரம்பித்துவிட்டான் என்று மகிழ்ந்தேன். எங்கள் வீட்டில் வேறொரு பஞ்சாங்கம் நடக்கிறது என்பது அந்த மகிழ்ச்சியில் நினைவில்லை.

“புது சாமான். பூஜை போடாம பட்டனத் தொடக்கூடாது” என்று மனைவி சொல்லிவிட்டாள். பைக்குக்குப் போட்டோம், மிக்ஸிக்குப் போட்டோம், இதற்கு மட்டும் ஏன் குறை? பிள்ளையார் கோவிலில் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினார் குருக்கள். சக்கரம் எங்கே என்று தேடி, இல்லாததால் பழத்தை என் செருப்புக்கடியில் வைத்தார். மிதித்தேன்.

“நல்ல நேரம் முடியப்போவுது மாமா, மொதல்ல ஊட்ட அதுல குறிச்சிடு” என்று அவசரப்படுத்தினான் மச்சான். நிற்கும் இடம்தான் பதிவாகும் என்று கையேட்டில் படித்திருந்தேன். இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ராகுகாலம் வந்துவிடும். கோவில் வாசலில் நின்றே பொத்தானை அமுக்கி, வீட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாலு தெரு வித்தியாசம் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளுக்கு ஒரு பொருட்டா?

பரீட்சைக்குக் கருவியே நாள் குறித்தது. அந்த வாரத்திலேயே மீன் நன்றாகக் கடிக்கும் சாயங்காலம் அதுதானாம். “மீனெல்லாம் வேணாம், ஆளு வந்தா போதும்” என்று மனைவி சொல்லியிருந்தாள். ஆனாலும் குடைக்குள் தூண்டிலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

ஏரி வரைபடத்தில் இல்லை. வெற்றுத் திரையில் அம்புக்குறியும் நானும் மட்டும் இருந்தோம். ஆனால் கருவி சொன்ன நேரத்தில் முழங்கை நீள விரால் மாட்டியது. ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். வேண்டுமென்றே அந்த மனைத் தெருக்கள் வழியாக வந்து, நான்கையும் நான்காகவே எண்ணினேன். நெஞ்சு நிமிர்ந்தது.

பால்பூத் முனைக்கு வந்ததும்தான் சிக்கல். எங்கள் தெரு இடப்பக்கம். அம்பு வலப்பக்கம் காட்டியது. இடப்பக்கம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதினோரு தெருக்களும் அன்றைக்கு நன்றாகத்தானே தெரிந்தன? ஒருபக்கம் கருவிக்கு வழி சொல்லும் பன்னிரண்டு செயற்கைக்கோள், மறுபக்கம் நான் ஒருத்தன். வலப்பக்கம் திரும்பினேன்.

“வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்று கருவி பீப் அடித்த இடத்தில் நாற்பது பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு நின்றார்கள். அன்று சங்கடஹர சதுர்த்தி. நடுவில் என் மனைவி. விரால் அந்த நேரம் பார்த்துச் சாக்கிலிருந்து துள்ளி, அருகம்புல் கட்டுகளுக்கு நடுவே விழுந்தது.

“ஐயையோ, கோவில்ல கவுச்சி!” என்று யாரோ கத்தினார்கள்.

மனைவி கத்தவில்லை. கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தாள்.

“பால்பூத் முனையில நம்ம தெரு தெரிஞ்சுதா, இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?”

“மிஷின் இங்க காட்டிச்சு.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு கையை நீட்டிக் கருவியை வாங்கிக்கொண்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. ஏரிக்குப் போங்க. இது மட்டும் கூட வேணாம்.”

சதுர்த்தி கழியும்வரை விரால் வாளியில் உயிரோடு கிடந்தது. மறுநாள் குழம்பாயிற்று. கருவி இப்போது சாமி அலமாரியில் சந்தனப் பொட்டோடு இருக்கிறது. பேட்டரி மட்டும் நான் மாற்றுகிறேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதன் அம்பு பிள்ளையார் கோவிலையே காட்டுகிறது. வீட்டில் அதற்கிருக்கும் பக்தி யாருக்கும் இல்லை என்கிறாள் மனைவி.