எம்.டி.யின் வயிறும் எங்கள் பங்குகளும்

போன வாரம் ஒரு கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். நான் பங்குதாரர் இல்லை, பங்குதாரரின் கணவர். வீட்டிலும் ஏறக்குறைய அதே பதவிதான்.

நாங்கள் குடியிருக்கும் மைசூரிலேயே தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி. அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதன் பங்கு உண்டு. காரணம், எம்.டி. சந்திரசேகர் எங்கள் தெருவில் வளர்ந்தவர். கம்பெனி என்றால் அவர், அவர் என்றால் கம்பெனி. இன்றைக்கும் கோயிலுக்கு வந்தால் ஸ்கூட்டரை நிறுத்தி நாலு பேரிடம் பேசாமல் போக மாட்டார்.

என் மனைவி வசந்தா கொள்ளேகால்காரி, பேச்சில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். ரிடையர்மென்ட் பணத்தில் பெரும்பகுதியை அந்த ஒரே கம்பெனியில் போட்டு வைத்திருக்கிறாள். "பேங்க்கில் போடக் கூடாதா?" என்று அப்போதே கேட்டேன்.

"பேங்க் மேனேஜர் மூஞ்சி எனக்குத் தெரியாதுங்க. இவரத் தெரியுமல்ல?" என்றாள். கணக்கு டீச்சர்! நிதி ஆலோசகர்கள் மன்னிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு எம்.டி.யைத் தெருப் பக்கம் காணோம். பெங்களூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பேச்சு. கம்பெனியில் கேட்டால், 'சொந்த வேலையாக விடுப்பு' என்றார்கள். பங்குச் சந்தைக்கு ஒரு வரித் தகவல் இல்லை.

ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் சிவன் கோயிலில் மிருத்யுஞ்சய ஹோமம். எம்.டி.யின் மனைவியும் மகள் பிரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். குருக்கள் மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கல்பம் சொன்னார். எம்.டி.யின் பெயர், நட்சத்திரம், கோத்திரம், 'ரோக நிவர்த்தி', 'தீர்க்காயுள்'... எல்லாம் நாலு தெருவுக்குக் கேட்டது.

ஹோமம் முடிந்த கையோடு எம்.டி.யின் மனைவி, குருக்களின் மனைவியிடம் அழுதுவிட்டாராம். சாயங்காலத்துக்குள் 'வயிற்றில் கட்டி' என்பது பூக்கடை வரை வந்துவிட்டது. என்ன கட்டி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தினார்கள். புரிந்தது.

கவனியுங்கள் — பங்குச் சந்தைக்கு ரகசியம். பரமசிவனுக்கு மைக்கில் அறிவிப்பு!

வசந்தா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "பாவமுங்க அந்த மனுசன்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம் பணம் என்னாகுமுங்க?" என்றாள். இரண்டும் ஒரே மனசிலிருந்துதான் வந்தன. இதில் எதைத் தப்பு என்பது?

ஆடிட்டர் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். உள்தகவலை வைத்துப் பங்கு விற்றால் குற்றமாமே, கோயில் ஸ்பீக்கரில் கேட்டது உள்தகவலா, வெளித்தகவலா?

"சார், நீங்க பத்திரிகைக்குப் பத்தி எழுதறதோட நிறுத்திக்குங்க" என்று வைத்துவிட்டார்.

நிறுத்திக்கொள்ள முடிகிறதா? யோசித்தேன். பஸ் டிரைவருக்குக் கண் டெஸ்ட் உண்டு. பியூன் வேலையில் சேரவும் மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள். மெஷின்களின் தேய்மானத்தை பாலன்ஸ் ஷீட்டில் சுத்தமாக எழுதுகிறார்கள். எம்.டி.யின் தேய்மானத்துக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. ஆண்டறிக்கையின் அட்டையில் படம் போடும்போது அவர் கம்பெனியின் சொத்து. படுத்துவிட்டால் மட்டும் தனிப்பட்ட விஷயமா?

ஆனால்... கட்டி அவர் வயிற்றில்தானே இருக்கிறது? ஸ்கேன் ரிப்போர்ட்டை வெளியிட்டால் டி.வி.யில் நாலு பேர் டை கட்டி உட்கார்ந்து அவர் குடலை அலசுவார்கள். அது வேறு! நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையின் சுகரை யாராவது சொன்னதுண்டா?

வசந்தாவுக்கு இந்த வழவழா கொழகொழா எல்லாம் ஆகாது. "நேராக் கேட்டுப்போடறனுங்க" என்றாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலிலேயே மைசூர்பாகும் கோடுபளே முறுக்கும் வைத்த பொட்டலம் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதற்காகவே வருகிறவர்கள். மேடையில் எம்.டி. இருந்தார். நன்றாக இளைத்திருந்தார், கோட்டு பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் பிரியா. அவளும் ஒரு டைரக்டர்.

கணக்கு வாசித்தார்கள். கேள்விகள் உண்டா என்றார்கள். வழக்கமாக, 'போன வருஷம் கோடுபளே நமுத்துப் போயிருந்தது' என்கிற ரகத்தில் நாலைந்து வரும். இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் கேட்கட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

வசந்தா எழுந்து மைக்கை வாங்கினாள். சபைக்காகக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். "சார், ஆரோக்கிய ஹேகிதெ?" அதற்கு மேல் முடியவில்லை, தமிழுக்கு வந்துவிட்டாள். "உங்க ஒடம்புக்கு என்னங்க சார்? எங்ககிட்ட சொல்லோணுமல்லங்க?"

எம்.டி. சிரித்தார். "டீச்சரம்மா கேக்கறதுல தப்பே இல்ல. உங்ககிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. வயித்துல அல்சர். காரத்தைக் கொறைன்னாரு டாக்டர், அஷ்டே, அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல பழையபடி ஸ்கூட்டர்ல வருவேன் பாருங்க."

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. மனுஷன் நம்பித்தான் சொன்னார்.

அடக் கடவுளே... அவருக்கே தெரியாது!

நம் ஊர் வழக்கம் எனக்கு எப்படி மறந்து போயிற்று? ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் வீட்டாரைத் தனியாகக் கூப்பிடுவார். வீட்டார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு' என்பார்கள். அப்புறம் சம்பந்திக்குச் சொல்வார்கள், குருக்களுக்குச் சொல்வார்கள், பூக்காரி வரை தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் 'அல்சர்'. ஹோமம் நடந்தபோதும் அவர் பெங்களூரில்தானே படுத்திருந்தார்?

மண்டபத்தில் யாரும் கை தட்டவில்லை. 'அப்பாடா' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த குருக்கள் — அவரும் பங்குதாரர்தான் — குனிந்து பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வசந்தா மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

எம்.டி. எங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. பிரியா பக்கம் திரும்பினார். எதிரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார்.

"அல்சர் இல்லையாம்மா?"

பிரியா தலை நிமிரவில்லை. "அப்பா... வீட்டுக்குப் போயி..." என்றவள் அழுதுவிட்டாள்.

கம்பெனித் தலைவர் தன் நோயைப் பங்குதாரர்களுக்கு அறிவிக்க வேண்டுமா, வேண்டாமா? விவாதிக்கிறவர்கள் விவாதிக்கட்டும். எங்கள் ஊரில் பங்குதாரர்கள் தலைவருக்கு அறிவித்தோம்.

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மகளின் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "டீச்சரம்மா, உக்காருங்க. சரியான கேள்விதான் கேட்டீங்க. மொதல்ல நான் தெரிஞ்சுக்கறேன். அப்புறம் உங்களுக்குச் சொல்றேன்."

மறுநாள் பங்கு விலை மளமளவென்று இறங்கியது. தெருவில் ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். 'வித்தாச்சா?' என்பதுதான் அன்றைய குசலம். நானும் கேட்டேன், "நீ என்ன பண்ணப் போறே? விக்கறியா?"

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்காருங்க. அதுக்குள்ள எந்திரிச்சுப் போறதுங்களா?"