டீசல் சத்தம் போன பிறகு

என் பழைய ஆட்டோ வருவது, அது கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதில் விழும். டீசல் வண்டி. தென்காசிச் சாலையில் ஓடைப் பாலத்தின் மேட்டில் கியரை மாற்றினால் படபடவென்று அது போடும் சத்தம் நான்கு தோட்டம் தாண்டிக் கேட்கும். மற்ற ஆட்டோக்காரர்கள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டு ஆள் ஏற்றுவார்கள். எனக்கு அது வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கேயும் 'உள்ளேன் ஐயா' என்று நான் சொன்னது வாத்தியார் மேஜை வரை போய்ச் சேர்ந்ததில்லை.

அதனால் பூ ஏற்றும் சவாரியைப் பிடித்துக்கொண்டேன். சாலையோரக் கிராமம் ஒன்றில் மல்லிகை போட்டிருக்கும் பெண்கள், விடிவதற்கு முன் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். அவர்களையும் பூவையும் ஏற்றிவந்து, பூ மார்க்கெட்டில் ஏலம் சூடாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். தினமும் அதே ஆட்கள், அதே இடம். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நான் போய் நிற்கும்போது எல்லாரும் மூட்டையோடு சாலையில் நிற்பார்கள். எப்படி அவ்வளவு சரியாக வந்து நிற்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த வண்டியின் என்ஜின் இனித் தாங்காது என்று ஆனபோது, பேட்டரி ஆட்டோ வாங்குவது என்று முடிவு செய்தேன். தென்காசியில் ஒருவர் ஓட்டுவதைப் பார்த்திருந்தேன். எங்கள் ஸ்டாண்டில் அதுவரை யாரிடமும் இல்லை. வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

என் மனைவி யோசிக்கவே இல்லை. "சுத்துப்பட்டுல பூராவும் காத்தாடியா நட்டு வச்சிருக்கான். நம்ம ஊர்க் காத்துல வார கரண்டு எங்கெங்கயோ போகுது. கொஞ்சம் நம்ம வண்டியிலயும் ஓடட்டுமே" என்றாள்.

புது வண்டியைக் கொண்டுபோய் முதலில் காட்டியது என் சிநேகிதனிடம். டீசல் வண்டி மெக்கானிக். அவன் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தான்.

"ஆயில் மாத்தணுமா?"

"வேண்டாம்."

"பில்டர்?"

"கிடையாது."

"அப்ப நான் என்னத்தவே கழட்ட? என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீரே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் அது முழுக்கச் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். பிரேக்கும் சக்கரமும் அவனிடம்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியுமுன் போனேன். வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. பெருமையாக இருந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். சாலையில் ஒருவரும் இல்லை. தோட்டத்துக்குள் டார்ச் வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தைப் பார்த்து இருட்டில் எப்படிக் கத்துவது? நின்றேன். வெளுத்த பிறகுதான் அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பதறி ஓடிவந்தார்.

"எப்ப வந்தீய தம்பி? பாலத்துல வண்டிச் சத்தம் கேட்டாத்தான நாங்க மூட்டையக் கட்டுவோம்! அதுவரைக்கும் ரெண்டு பிடி கூடப் பறிக்கலாம்லா."

அன்று ஏலம் தணிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மொட்டு வாய் திறந்துவிட்டது என்று விலையைக் குறைத்தார்கள்.

அடுத்த நாள் ஹாரன் அடித்தேன். அந்தச் சாலையில் பஸ், பால் வண்டி, காத்தாடிக் கம்பெனி ஜீப் எல்லாமே ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகின்றன. ஒருவரும் நிமிரவில்லை. போன் செய்யலாம் என்றால், குனிந்து பறிக்கும்போது செடிக்குள் விழுந்துவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். ஒருநாள் சீக்கிரமே வந்து காத்திருந்தார்கள். பறிக்காத மொட்டு செடியிலேயே நின்றுபோனது. அந்த வாரம் முழுக்க இப்படியே முன்னும் பின்னுமாகப் போனது.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும்போதுதான் அதைக் கேட்டேன். பழைய வண்டியில் பின்னால் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசியது ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. புது வண்டியிலும் அதே நினைப்பில் பேசினார்கள்.

"பாவம்தான் மதினி. அதுக்காக தெனமும் பூவ வெரிய விட்டுட்டு நிக்க முடியுமா?" என்றாள் இளையவள். "ஸ்டாண்டுல மொத ஆளா நிக்காருல்லா, அந்த டீசல் ஆட்டோக்காரர்ட்ட கேட்டுட்டேன். திங்கக்கெழமையில இருந்து வாரேன்னுட்டாரு."

"இந்தத் தம்பிட்ட யாருட்டி சொல்லுவா?"

"நீங்கதான் சொல்லணும். அண்ணாச்சி பதிலா பேசப்போறாரு? கோயில் தூணு மாதிரி நிப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். டீசல் வாடை இல்லாததால் மல்லிகை வாசம் முன்சீட்டு வரை வந்தது. நான் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இந்தச் சவாரி போனால் பஸ் ஸ்டாண்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே கூப்பிடத் தெரியாதவனுக்கு ஆள் ஏறாது. அதைவிட, புது வண்டி எடுத்ததால் பூச்சவாரி போய்விட்டது என்று என் மனைவியிடம் எப்படிப் போய்ச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். கையை வாயருகே குவித்தேன். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடியும் முயன்றேன். "பூ வண்டி" என்று ஏதோ வந்தது. அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனி மாதம். மேற்கே மலையிலிருந்து காற்று சாடிக்கொண்டிருந்தது. பாலம் தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறது. நான் எவ்வளவு கத்தினாலும் காற்று அதைச் சங்கரன்கோவிலுக்குத்தான் கொண்டுபோகும்.

வண்டியை எடுத்துத் தோட்டத்தைத் தாண்டி மேற்கே குளத்தங்கரை வரை போனேன். கரையில் ஏறிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பூ... வண்டீ... ஓ...!"

என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தபோது தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. அங்கே பேசிக்கொண்டதை அவர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

"ஏட்டி, யாருட்டி அது?"

"நம்ம வண்டி மாதிரி இருக்கு. கட்டு கட்டு, மூட்டையக் கட்டு!"

நான் திரும்பிவந்து சாலையில் நிறுத்தும்போது எல்லாரும் நின்றார்கள். இளையவள் டார்ச்சை என் முகத்திலேயே அடித்தாள்.

"அண்ணாச்சி, நீங்களா கூப்பிட்டீய?"

"ஆமா."

"இன்னொரு தடவ கூப்பிடுங்க, பாப்போம்."

"வண்டியில ஏறு."

அன்று மார்க்கெட்டில் எங்கள் பூதான் முதலில் இறங்கியது. கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "என்ன, இப்பல்லாம் உங்க பூவுல டீசல் நாத்தத்தக் காணும்?" என்றார். கையில் இருந்த மொட்டு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது மூத்தவர் சொன்னார்: "ஏட்டி, திங்கக்கெழமைக்குச் சொல்லி வச்ச ஆளுட்ட வேண்டாம்னு சொல்லிரு."

"நானே சொல்லிருதேன்" என்றேன்.

பின்னாலிருந்து இளையவள் எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யோ! அம்புட்டையும் கேட்டுக்கிட்டா வந்தீய?"

"தூணுக்கும் காது உண்டு" என்றேன். வண்டியே குலுங்கும்படி சிரித்தார்கள். மூத்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஸ்டாண்டில் அந்த டீசல் ஆட்டோக்காரரிடம் போய் நின்று, வர வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு வாக்கியம்தான். குளத்தங்கரையில் கூப்பிட்டதையும் சேர்த்து வீட்டில் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்து, "எங்க, கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க" என்றாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டுக் காட்டினேன்.