அரை வரி ஏறிய கமா

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று கிடக்கிறது. அதில் வார்த்தை எதுவும் இல்லை. ஒரே எழுத்தும், அதன் தோளில் தொங்கும் குட்டி வாலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி. அக்கா பழகிப் பார்த்த தாள்.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. காஜா பேராங் என்ற எங்கள் பகுதியில், வரிசை வீடுகளிலிருந்து டைப்ரைட்டர் முன் உட்காரப் போன முதல் பெண் அக்காதான். டவுனில் ஒரு வழக்கறிஞர் துரையின் அலுவலகம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். "பொம்பளப் புள்ள அடிச்ச கடிதாசிய கவர்மெண்டு படிக்குமா?" என்று பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கேட்டார்கள். "படிக்காட்டி அவங்களுக்குத்தான் நட்டம்" என்றாள் அம்மா.

அக்காவுக்கு ஆங்கிலத்தில் குறிகள்தான் உயிர். "கமா மூச்சு வாங்குறது, முற்றுப்புள்ளி உக்காந்து தண்ணி குடிக்கிறது" என்பாள். இன்னாருடையது என்று காட்டும் அந்த வால், அப்பாஸ்ட்ரபி, விடுபட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒருவருடைய பிரஜாவுரிமைக் கடிதத்தைப் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அவளிடம் கொடுத்தார். துரை அதைப் பார்த்துத்தான் வேலையா வீடா என்று முடிவு. கூடவே மூலையில் கிடந்த பழைய மெஷினையும் கிராணி அவள் பக்கம் தள்ளிவிட்டார். அதில் அந்த வாலுக்கான விசைக்கட்டை உடைந்திருந்தது. கடிதமோ தகப்பனுடைய ஊர், தாயுடைய பெயர் என்று வரிக்கு வரி வால் கேட்டது. அக்கா கட்டையைக் காட்டினாள். கிராணி சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பேனாவுல கீறி வச்சிடாதம்மா, துரைக்கு ஆகாது."

அக்கா ஒரு வெற்றுத்தாளைச் செருகினாள். ஓர் எழுத்தை அடித்து, உருளையைப் பின்னால் திருப்பினாள். தாள் அரை வரி இறங்கியது. கமாவைத் தட்டினாள். காலடியில் விழவேண்டிய கமா எழுத்தின் தோளில் ஏறி உட்கார்ந்தது. கை பழகியதும் கடிதத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு வாலுக்கும் உருளையைத் திருப்பி, தட்டி, மறுபடி திருப்பி... மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பியும் அவள் எழவில்லை.

துரை படித்தார், கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமையிலிருந்து இவளுக்குப் புது மெஷின்" என்றாராம். அக்கா கிராணியிடம் போய்ச் சொன்னாள்: "கூடம் கோணல்தான் ஐயா. ஆனா ஆடிட்டேன்." அன்று சாயங்காலம் பைப்படியில் அம்மாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, அம்மா பேச்சை நிறுத்தவில்லை.

இப்போது என் கைப்பேசி கேட்காமலே அந்த வாலைப் போட்டுவிடுகிறது. நான் கண்ணாடியைத் தூக்கித் தாளைத் தடவிப் பார்க்கிறேன். முதல் வால் உயரப் பறக்கிறது. இரண்டாவது எழுத்தைக் கடிக்கிறது. மூன்றாவது கொஞ்சம் தயங்குகிறது. நாலாவதிலிருந்து கடைசிவரை, நூல் பிடித்த மாதிரி நேர்.