வெட்டுவதற்கு முன் நான் சொல்லாதது

சேசுராஜ் இறந்துபோன செய்தியை எங்கள் கம்பெனிக்குள் முதலில் சொன்னவன் நான். ஒருவரும் நம்பவில்லை.

அன்று காலை டீ வருவதற்கு முன்பே அவருடைய மகள் ஜெனிபர் என் செல்லுக்குப் பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாக" என்றாள். அவ்வளவுதான். மிஷினை நிறுத்திவிட்டு பேக்கிங் செக்‌ஷனுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இஸ்திரி மேஜையில் நின்ற சரசு சிரித்தாள். "ஏனுங் மாமா, போன மாசம் உங்க பெரியப்பாவைக் கொன்னுபோட்டு லீவு வாங்குனீங்க. இந்த மாசம் சேசுராஜ் அண்ணனுங்களா?" நான் அழுதேன். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நடிப்பு பிரமாதமாம்.

அவர்கள்மேல் குற்றமில்லை. சாயக்கழிவு ஓடும் நொய்யல் தண்ணீரைக் குடித்து எங்கள் எருமை ஊதா நிறத்தில் பால் கறந்தது என்று இதே ஆட்களிடம் சத்தியம் பண்ணியவன் நான். எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி இங்கே வேட்டியை உதறினால் உடுமலையில் காற்றாலை சுற்றும் என்று சொன்னவனும் நான்தான். அப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தால் அதற்கு என்ன மரியாதை கிடைக்கும்? என் நண்பனுடைய மரணம்கூட, நான் சொன்னதனால், கால் மணி நேரம் பொய்யாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்கள் கையில் கொடுப்பதற்கு நாலு வரி எழுதச் சொன்னது ஜெனிபர்தான். நாலு வரியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதில் ஊதாப் பால் கிடையாது. அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோயிலில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சேசுராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வேலம்பாளையத்தில் ஏற்றுமதிக்குப் பனியன் தைக்கும் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அங்கே துணி செக்கிங். ட்யூப்லைட் போட்ட கண்ணாடி மேஜையின் மேல் துணி ரோல் ரோலாக ஓடும். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தத் துணி அவர் மேஜைக்குப் போகும். ஸ்டிக்கர் இருக்கும் இடத்தை விலக்கி அவர் வெட்டுவார். ஆகவே என் பிழைப்பே தப்புக் கண்டுபிடிப்பதுதான். உலகத்தில் மாமியார்களுக்கு அடுத்தபடியாக அந்தத் தொழிலைச் செய்கிறவன் நான்.

ஒருநாள் எருமைக் கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டை விழுந்த ஒரு ரோலை அப்படியே அனுப்பிவிட்டேன். அடுக்கி வெட்டிய பிறகுதான் தெரிந்தது. அவர் கத்தவில்லை. வெட்டிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஓட்டைக்குள் விரலை விட்டு என் மூக்குக்கு நேராக ஆட்டினார். "அண்ணாச்சி, துணியில தப்பு இருந்தா வெட்டுததுக்கு முந்திச் சொல்லணும். வெட்டுன பெறவு சொன்னா அது தப்பு இல்ல, வேஸ்ட்டு." அந்த வேடிக்கையோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா ஒழிந்தது, இனிமேல் உலகத்தில் பிறக்கிற பிள்ளையெல்லாம் திருப்பூர் பனியனைப் போட்டுக்கொண்டேதான் பிறக்கும் என்று ஊரே பேசிய சமயம். (ஊர் பேசவில்லை, நான் பேசினேன்.) ஆர்டர் குவிந்தது. கட்டிங் மிஷின் நிற்காமல் ஓடியது. அந்த அறையில் பஞ்சுத் தூசி பனி மாதிரி இறங்கும். சேசுராஜின் புருவம் மத்தியானத்துக்குள் நரைத்துவிடும். சாயங்காலம் கழுவினால் மறுபடி கறுக்கும். இருமல் மட்டும் கழுவினாலும் போகவில்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூசியில நிக்கிற வேலையை விட்டுடுங்க" என்றாராம். துணியைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதரிடம்.

மேல்மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை இருக்கிறதே, அங்கே தூசி ஏறாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருடைய ஆட்கள் வந்தால் துணியின் தரத்தைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். துணியைப் பற்றி சேசுராஜுக்குத் தெரிந்தது அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துத் தெரியாது. மேனேஜருக்கும் அவர்மேல் நல்ல எண்ணம்தான். "இங்கிலீஷ்ல மட்டும் பேசிக் காட்டிப்போடுங்க மாஸ்டர், அந்த சீட்டு உங்குளுக்குத்தானுங்க" என்றார். கீழே தூசி, மேலே காற்று, நடுவில் ஒரு பாஷை. அதுதான் அவருடைய நிலைமை.

அன்று மத்தியானமே என்னிடம் வந்தார். ஏன் என்னிடம்? ஒரு கலெக்டர் தன் ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிப்போனார் என்று நான் கம்பெனியில் பரப்பியிருந்தேன். உண்மையில் பி.யூ.சி.யில் ஆங்கிலத்தில் இரண்டு முறை விழுந்தவன். மூன்றாம் முறை எழுதப் போகவே இல்லை.

"படிச்சுக் குடுக்க வேண்டாம் அண்ணாச்சி. நானே படிச்சுக்கிடுதேன். நான் பேசும்போது எங்க தப்பு வருதுன்னு மட்டும் சொல்லுங்க. ஸ்டிக்கர் ஒட்டுத மாதிரி."

"ஒட்டிட்டாப் போச்சு" என்றேன். "ஆறு மாசத்துல ராணியம்மா லண்டன்ல இருந்து உங்குளுக்குப் பொண்ணு குடுக்க ஆளனுப்புவாங்க, இருந்து பாருங்க."

அவர் படித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீளமான ஒரு நோட்டுப் போட்டார். தப்பு நோட்டு என்று பெயர். தன் தப்பை யார் எடுத்துச் சொன்னாலும் அந்த ஆளுக்கு அதில் ஒரு பக்கம். மேலே பெயர், அதன் கீழே தப்பான வாக்கியம், அதற்குக் கீழே சரியானது, பிறகு அதே மாதிரி சொந்தமாக மூன்று. "மூணு எழுதலேன்னா போன தப்பு வழிகேட்டுத் திரும்ப வந்துரும் அண்ணாச்சி." எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஜெனிபருக்குப் பக்கம் போதாமல் பின்னால் ஒட்டுப்போட்டார். பீகாரிலிருந்து வந்து சிங்கர் மிஷினில் உட்கார்ந்திருந்த சஞ்சய்க்கு ஒரு பக்கம். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது, இருவரும் இல்லாத ஆங்கிலத்தில் சண்டை போட்டு ஒரு வாக்கியத்தைச் சரிக்கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் ஜெபப் புத்தகத்தையும் ஆங்கில ஜெபப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஆங்கிலத்தைக் கையால் மூடிக்கொண்டு, தானாகவே சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை எடுப்பாராம். "சாமியாரு ஒண்ணு சொல்லுதாரு, நான் ஒண்ணு சொல்லுதேன். மேல இருக்கவருக்கு எது விளங்குதுன்னு தெரியல" என்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. துணி ரோல்களை அடுக்கிச் சிம்மாசனம் போட்டு, கழுத்தில் பனியன் வேஸ்ட்டை டையாகக் கட்டிக்கொண்டு நான் பையர் துரையாக உட்காருவேன். அவர் எதிரே நின்று ஆங்கிலத்தில் விளக்குவார். சுற்றிலும் கூட்டம். சரசு டிபன் கேரியரோடு முன்வரிசைக்கு வந்துவிடுவாள். அவர் பேசி முடித்ததும் நான் தொடையைத் தட்டி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்! இந்த மனுசன் இங்கிலீஷைக் கேட்டா வெள்ளைக்காரன் மறுபடி கப்பலேறி வந்துபோடுவானுங்க, டியூசன் படிக்க!" என்பேன். கூட்டம் கைதட்டும். அவர் நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பார். எழுதுவதற்கு ஒன்றும் வராது. மூடிக்கொள்வார்.

தப்பு இருந்ததா என்றால், இருந்தது. பாதி எனக்குத் தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்லப் போனால் தெரியாதது வெளியே வந்துவிடும். கலெக்டர் கதை கிழிந்துவிடும். கைதட்டுக்கு நடுவில் யாருக்கு ஸ்டிக்கர் ஒட்ட மனம் வரும்?

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு அவர் மட்டும் நின்றார்.

"அண்ணாச்சி, நேத்து போன சரக்கு நாளைக்குப் போச்சுன்னு இன்னைக்குச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். நீங்க சூப்பர்னு சொன்னீய."

செக்கிங் ஆட்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, பழுதான பீஸ் ஒன்றைத் தெரிந்தே உள்ளே நுழைப்பது எங்கள் தொழிலில் உண்டு. என்னை அப்படிச் சோதித்திருக்கிறார். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அட, அமெரிக்காவுல இப்ப அப்புடித்தானுங்க பேசறாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி அண்ணாச்சி. பயம் தெளியுததுக்காவது ஒங்ககிட்ட வாரேன்." அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுநாள் வந்தார்.

பையருக்காக இங்கே சரக்குப் பார்க்கும் பையிங் ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்து ஆளைப் பார்க்கப் போகிறார் என்று தகவல் வந்தது. மேனேஜர் நல்லவர்; "அவசரமில்லீங்க மாஸ்டர், இன்னொருக்கா வருவாங்க, அப்பக்கூடப் பார்த்துக்கலாம்" என்றார். அன்று காலை சேசுராஜ் சலவைச் சட்டையோடு என் மேஜைக்கு வந்தார். இருமலை அடக்கியதில் கண் சிவந்திருந்தது.

"இன்னைக்காவது வெளையாடாமச் சொல்லுங்க அண்ணாச்சி. போகலாமா, இன்னும் படிச்சிட்டுப் போகட்டுமா?"

"போங்க சாமி! அந்தம்மா உங்க இங்கிலீஷை எழுதிவெச்சுக்க நோட்டு இல்லாமத் தவிக்கும்" என்றேன்.

அவர் போனார். கண்ணாடிக் கதவு என்பதால் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். பயமில்லாமல் பேசினார்; அந்த ஒன்றுதான் நான் கொடுத்தது. அந்த அம்மா முன்னால் சாய்ந்து கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அந்த அம்மாவின் முகத்தில் மரியாதையும் சங்கடமும் ஒன்றாக வந்தன. கதவு திறந்து டீ உள்ளே போன நேரத்தில் அந்த அம்மாவின் குரல் வெளியே கேட்டது: "பரவால்ல சார், நீங்க தமிழ்லயே சொல்லுங்க."

அதற்குப் பிறகு சேசுராஜ் தமிழில் சொன்னார். துணியைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த அம்மா ரசித்துக் கேட்டார். சீட்டு கடைசியில் வேறொருவருக்குப் போயிற்று. அந்த அம்மா இன்னொருக்கா வந்தபோது, சேசுராஜை மறுபடி முன்னால் நிறுத்த மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை.

படியிறங்கி வந்தவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "வெட்டியாச்சு அண்ணாச்சி" என்றார். சலவைச் சட்டையை மடித்து வைத்துவிட்டுத் தூசிக்குள் போனார்.

அதன் பிறகும் நோட்டை அவர் விடவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுவார், சாப்பாட்டு நேரத்தில் எழுதுவார். ஒருமுறை நான் ரோல்களை அடுக்கி, டையைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி, பேசுனா மூச்சு வாங்குது" என்றார். நான் டையை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். அமெரிக்காவில் ஏதோ பாங்க் விழுந்து எங்களுக்கு ஷிப்டு குறைந்தபோது, தூசியும் குறையுமே என்று நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். அதற்குள் அவர் நெஞ்சு கெட்டுவிட்டிருந்தது.

தூசிதான் அவரைக் கொன்றது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. நான் சொல்கிறேன். மேல்மாடிக்குப் போயிருந்தால் இருந்திருப்பார் என்றும் சொல்கிறேன். ஆயுள் முழுக்க மிகைப்படுத்தியே பேசிவிட்டேன். இது மிகையா இல்லையா என்று மட்டும் எனக்கே தெரியவில்லை. கேட்டுச் சொல்ல அவரும் இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெனிபர் அந்த நோட்டை எடுத்துவந்தாள். "மொதப் பக்கம் ஒங்களுக்குத்தான் மாமா" என்றாள். திறந்தேன். எல்லாருக்கும் முந்தி, முதல் பக்கத்தின் மேலே, துணியில் சாக்பீஸால் கோடு போடும் அதே நேர்த்தியில், 'நாச்சிமுத்து அண்ணாச்சி' என்று என் பெயர். அடிக்கோடு வேறு. அதன் கீழே எதுவும் இல்லை. புரட்டினால் ஜெனிபர், சஞ்சய், சாமியார், பள்ளிக்கூட வாத்தியாரம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத யாரோ ஒருவர். எல்லாப் பக்கமும் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அப்பா சொல்லிச் சிரிப்பாக மாமா. 'நாச்சிமுத்து அண்ணாச்சி முன்னால மட்டுந்தாம்ல நான் தப்பே இல்லாமப் பேசியிருக்கேன்'னு."

அவளைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல ஞாபகம். அதை நான் கெடுக்கவில்லை. இப்போது இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள். தெரியட்டும் கண்ணு, உனக்காவது வெட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். உன் மாமன் சூப்பர் என்று சொன்னால் நம்பாதே.

நோட்டு அவள் படிப்புக்கு வேண்டும், அவளிடமே இருக்கிறது. நான் அந்த முதல் பக்கத்தை மட்டும் கேட்டேன். ஸ்கேல் வைத்துக் கோணாமல் கிழித்துக் கொடுத்தாள், அப்பன் கை. அதைக் கொண்டுபோய் என் செக்கிங் மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணி தடிமனாக ஓடும்போது மறைந்துவிடும். மெல்லிய துணி வரும்போது கீழேயிருக்கும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதன் வழியாகத் தெரியும். என் பெயர், அடிக்கோடு, அதற்குக் கீழே வெள்ளை.