டீச்சரம்மாவுக்கு ஒரு சுவர்

என் தையல் மெஷின் டிராயரில் இரண்டு அங்குல ஆணி ஒன்று கிடக்கிறது. துருப்பிடித்துவிட்டது. என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் படத்தை மாட்டுவதற்காகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கியது. இன்றுவரை அது எந்தச் சுவரிலும் இறங்கவில்லை.

அப்போது சேலையூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மா கீழே இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் எல்லோருக்கும் டீச்சரம்மா. மாதம் ஒருமுறை மேலே வந்து, நோட்டுத் திருத்துபவர்போல் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அன்று நான் ஆணியை வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். அதற்குள் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்துவிட்டார்.

"ஆணி அடிச்சா வீடு உன்னோடதாயிடுமா? ஃப்ரிட்ஜ் மேல வையி. அவரும் கூலா இருப்பாரு."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பத்தாவதோடு நின்றவள். டீச்சர் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "சரி மேடம்" என்றேன். ஏழு வருடம் என் கணவர் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்திருந்தார். ஒருநாள் கதவை வேகமாகச் சாத்தியதில் படம் கீழே விழுந்து, முகத்தின் குறுக்கே கண்ணாடி விரிசல் விட்டது. அந்த விரிசலைவிட, நான் சொன்ன "சரி மேடம்"தான் இன்னும் குத்துகிறது.

போன வருடம் மகள் என் போனில் ஒரு கேம் ஏற்றிக் கொடுத்தாள். ஆட்களை உருவாக்கி, வீடு கட்டிக் குடிவைத்து, அலங்கரிக்கும் விளையாட்டு. எல்லோரும் முதலில் தங்களுக்குத்தான் வீடு கட்டுவார்களாம். நான் டீச்சரம்மாவைச் செய்தேன். அதே கொண்டை, அதே தங்க ஃப்ரேம் கண்ணாடி. வீட்டில் குறை வைக்கவில்லை. மொசைக் தரை, ஊஞ்சல், ஜன்னலோரம் செம்பருத்தி. சுவரில் மட்டும் எதையும் மாட்டவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த விளையாட்டில் ஆட்கள் வாடிப்போவார்கள். டீச்சரம்மா சுவர் முன்னால் போய் நின்று கையை விரிப்பார். தலைக்கு மேல் ஒரு குமிழில் சின்னப் படச்சட்டம் தோன்றும். படங்கள் எத்தனையோ இருக்கின்றன. விரலால் தொட்டால் போதும், ஆணியே தேவையில்லை. நான் தொடுவதில்லை.

"பாவம்மா, ஒண்ணே ஒண்ணு மாட்டி விடேன்" என்றாள் மகள்.

"செவுரு ஓட்டையாயிடும்டி" என்றேன்.

சென்ற வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் நிஜ டீச்சரம்மா எதிரே வந்தார். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"உனக்கப்புறம் வந்ததுங்க செவுரெல்லாம் சல்லடையாக்கிடுச்சுங்க. நீ தங்கமான பொண்ணும்மா. ஒரு ஆணி அடிக்கல."

அந்த ஃப்ரிட்ஜ் பேச்சைப் பற்றி அவரிடம் கேட்பதற்கென்றே ஒரு கேள்வியை வருடக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது, "தேங்க்ஸ் மேடம்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். ஊஞ்சலைக் கழற்றினேன். செம்பருத்தியைப் பிடுங்கினேன். இருந்த ஒரே ஜன்னலையும் எடுத்துவிட்டு, அங்கேயும் சுவர் வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இப்போது பெருங்களத்தூரில் இருக்கிறோம். இந்த வீட்டுக்காரர், "எவ்ளோ வேணா அடிச்சிக்கோங்கக்கா" என்றார். புதுக் கண்ணாடி போட்டு, புது ஆணியில் படத்தை ஹாலில் மாட்டிவிட்டேன். டிராயரில் இருக்கும் பழையதைத் தூக்கிப் போடச் சொல்கிறாள் மகள். எப்படிப் போடுவது? அது டீச்சரம்மாவின் ஆணி. அவரே வந்து கேட்டாலும் தரமாட்டேன்.